ராஸ் புரதம் வேலைக்குப் போகும் வழி

1984-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் லோவியும் டென்மார்க் விஞ்ஞானி பெர்த்தே வில்லும்சனும் ஒரு புற்றுநோய்ப் புரதத்தின் வாலில் கை வைத்தார்கள். புரதத்தின் பெயர் ராஸ். 189 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சின்ன உருப்படி. செல்லைப் புற்றாக மாற்றும் கோளாறு அதன் தலைப்பக்கத்தில் இருந்தது. அதை அவர்கள் தொடவில்லை. கடைசியிலிருந்து நான்காவதாக, 186-ஆம் இடத்தில் இருந்த சிஸ்டீனை எடுத்துவிட்டு வேறொரு அமினோ அமிலத்தை வைத்தார்கள். புரதம் எப்போதும்போல உருவானது. பிடிக்க வேண்டிய மூலக்கூறுகளையும் பிடித்தது. செல் மட்டும் புற்றாகவில்லை. காரணம் எளியது: அந்த ராஸ் செல் சவ்வுக்குப் போய்ச் சேரவில்லை, செல்லுக்குள் இருக்கும் திரவத்திலேயே மிதந்துகொண்டிருந்தது.

(இந்த லோவிதான் பின்னாளில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவராக அறியப்பட்டார். ஒரே வாழ்நாளில் இப்படி இரண்டு வேலை பார்த்தவர்கள் குறைவு.)

செல்லுக்குள் சேதி கடத்தும் புரதங்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் படம் போடும்போது ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறி இழுப்பார்கள். எது எதைத் தூண்டுகிறது என்பது அதில் தெரியும். எங்கே நின்று தூண்டுகிறது என்பது தெரியாது. ராஸின் கதையில் பாதிக்கு மேல் அந்த ‘எங்கே’தான். அதனால் ஒரு ராஸ் மூலக்கூறு பிறந்து, இடம் போய்ச் சேர்ந்து, வேலை பார்த்து, ஒழியும்வரை கூடவே போய்ப் பார்ப்பது நல்லது.

முதலில் அதன் பூர்வீகம். 1964-இல் லண்டனில் ஜெனிஃபர் ஹார்வி, சுண்டெலிகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் ஒரு வைரஸைப் பெரிய எலிகளில் செலுத்தினார். நோய் கண்ட எலியின் ரத்த நீரை எடுத்துச் சுண்டெலிக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். எதிர்பாராத விதமாகக் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. 1967-இல் சிகாகோவில் வெர்னர் கிர்ஸ்டனும் இதுபோன்ற இன்னொரு வைரஸைக் கண்டார். வைரஸ் எலிக்குள் தங்கிய காலத்தில் எலியின் மரபணு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. எலியின் சார்கோமா கட்டியிலிருந்து வந்த பெயர்தான் ராஸ். ஹார்வியின் முதலெழுத்தைத் தாங்கியது எச்-ராஸ், கிர்ஸ்டனுடையது கே-ராஸ். நரம்புப் புற்றுச் செல்லில் கிடைத்த மூன்றாவது என்-ராஸ். 1982-இல் ராபர்ட் வைன்பெர்க், மரியானோ பார்பாசித், மைக்கேல் விக்லர் ஆகிய மூவரின் ஆய்வுக்கூடங்களும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு, மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றில் இருந்த மரபணுவும் இதே ராஸ்தான் என்று காட்டின. நல்ல ராஸுக்கும் கெட்ட ராஸுக்கும் இருந்த வேறுபாடு 12-ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதில் வேலின், அவ்வளவே. மரபணுவில் ஒற்றை எழுத்துப் பிழை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே ராஸ் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. 1980-இல் மார்க் வில்லிங்ஹாம், ஐரா பாஸ்டன், தாமஸ் ஷி, எட்வர்ட் ஸ்கோல்னிக் ஆகியோர் ராஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இது விசித்திரம். சவ்வு கொழுப்பால் ஆனது. அதில் பதியும் புரதங்களுக்குக் கொழுப்போடு ஒத்துப்போகும் நீண்ட பகுதி ஒன்று இருக்கும். ராஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. நீரில் நன்றாகக் கரையக்கூடிய புரதம் எப்படிக் கொழுப்புச் சுவரில் போய் ஒட்டியது?

இனி நம் மூலக்கூறின் பிறப்பு. அதை எச்-ராஸ் என்று வைத்துக்கொள்வோம்.

செல்லின் திரவத்தில் மிதக்கும் ரைபோசோம் ஒன்று அதைக் கோத்து வெளியே விடுகிறது. வெளியே சுரக்கப்படும் புரதங்களுக்கும் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்களுக்கும் பிறக்கும்போதே போகும் திசை சொல்லப்பட்டுவிடும். ராஸுக்கு அந்தச் சலுகை இல்லை. செல்லின் மையத்திலிருந்து விளிம்புவரை சுமார் 10 மைக்ரோமீட்டர்தான். இந்த அளவுள்ள புரதம் ஒன்று தன்போக்கில் அலைந்தாலே சில நொடிகளில் சவ்வை முட்டிவிடும். ராஸும் முட்டும். ஒட்டாமல் திரும்பிவிடும். தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, தங்குவதுதான் பிரச்சினை.

தங்குவதற்கான ஏற்பாடு வாலில் இருக்கிறது. எச்-ராஸின் கடைசி நான்கு எழுத்துகள், அதாவது அமினோ அமிலங்கள், சிஸ்டீன், வேலின், லூசின், செரின். வில்லும்சனும் லோவியும் மாற்றிய சிஸ்டீன் இதுதான். திரவத்தில் திரியும் ஃபார்னசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி இந்த நான்கெழுத்தை அடையாளம் கண்டு, சிஸ்டீனில் 15 கார்பன் நீளமுள்ள ஃபார்னசில் என்ற எண்ணெய்ச் சங்கிலியைப் பொருத்துகிறது. பொருத்தினால் பொருத்தியதுதான். புரதம் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிணைப்பு கழலாது.

இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்த வழி கொஞ்சம் சுற்று வழி. 1970-களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சையின் இனச்சேர்க்கைச் சமிக்ஞைப் பெப்டைடில் ஃபார்னசில் ஒட்டிய சிஸ்டீனைக் கண்டிருந்தார்கள். பூஞ்சையின் காதல் சமாச்சாரம் என்று புற்றுநோய்க்காரர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து வருடம் கழித்து, ஈஸ்டின் இனச்சேர்க்கைக் காரணிக்கும் ராஸுக்கும் ஒரே மாதிரி வால் இருப்பது கண்ணில் பட்ட பிறகுதான் பொறி தட்டியது. 1989-இல் லண்டனில் ஜான் ஹான்காக், கிறிஸ்டோபர் மார்ஷல் குழுவும், அமெரிக்காவில் பேட்ரிக் கேசி உள்ளிட்ட குழுவும் ராஸின் வாலில் இருப்பது ஃபார்னசில்தான் என்று உறுதி செய்தன. அடுத்த ஆண்டே அந்த நொதியைப் பிரித்தெடுத்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆய்வுக்கூடத்தார். கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் பெற்ற அதே இணை. அவர்கள் இதற்குள் வந்தது தற்செயல் இல்லை. செல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையில் நடுவழியில் உருவாகும் பொருள்தான் இந்த ஃபார்னசில். கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் ஸ்டாடின் மாத்திரை அந்தப் பாதையைத் தொடக்கத்திலேயே அடைக்கிறது. அப்படியானால் ஸ்டாடின் ராஸையும் நிறுத்துமா என்று கேட்கத் தோன்றும். ஆய்வுக்கூடத்துச் செல்களில் நிறுத்துகிறது. அதற்கு வேண்டிய அளவு, நாம் விழுங்கும் மாத்திரையின் அளவைவிட மிக அதிகம்.

எண்ணெய் வால் வந்ததும் ராஸ் எண்டோபிளாச வலைப்பின்னலின் வெளிப்பரப்பில் போய் உட்காருகிறது. அங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஆர்சிஇ1 என்ற நொதி கடைசி மூன்று எழுத்துகளை நறுக்கிவிடுகிறது. இப்போது ஃபார்னசில் ஏந்திய சிஸ்டீனே வால் நுனி. நறுக்கிய இடத்தில் வெளிப்படும் எதிர் மின்னூட்டம் கொழுப்புக்கு ஒவ்வாது. ஐசிஎம்டி என்ற இன்னொரு நொதி ஒரு மெத்தில் தொகுதியை வைத்து அதை மூடுகிறது. இவ்வளவு சுற்றிக்கொண்டுதான் ராஸ் போகிறது என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாது. திரவத்தில் பிறந்தது நேரே செல் சவ்வுக்குப் போகிறது என்றுதான் எழுதிவைத்திருந்தார்கள். 1999-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்க் பிலிப்ஸ் குழு ராஸோடு பச்சை ஒளிரும் புரதத்தை இணைத்து உயிருள்ள செல்லில் பார்த்தது. விளிம்பில் மட்டும் பச்சைக் கோடு தெரியும் என்று எதிர்பார்த்த இடத்தில், உள்ளே வலைப்பின்னலும் கோல்கை என்ற செல் உறுப்பும் சேர்ந்து பளிச்சிட்டன.

இங்கிருந்து உடன்பிறப்புகளின் பாதை பிரிகிறது. எச், என், கே மூன்றுக்கும் முதல் 80-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அச்சு அசலாக ஒன்றுதான். அதற்கப்பாலும் வேறுபாடு சொற்பம். உண்மையான வேறுபாடு கடைசி இருபத்தைந்து சொச்சம் எழுத்துகளில் இருக்கிறது. அதாவது வேலை செய்யும் உடல் எல்லோருக்கும் ஒன்று, எங்கே போவது என்று சொல்லும் வால் மட்டும் ஆளுக்கொன்று. ஒரே பணிக்கு மூன்று புரதங்களை வைத்துக்கொண்டு, இருப்பிடத்தை மட்டும் மாற்றிவைக்க உடல் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்றால், இருப்பிடம் அலங்காரத்துக்காக இருக்க முடியாது.

நம் எச்-ராஸ் கோல்கைக்குப் போகிறது. ஃபார்னசில் ஒன்றை மட்டும் நம்பி எந்தச் சவ்விலும் நெடுநேரம் நிற்க முடியாது. சற்று நேரத்தில் நழுவி அடுத்த சவ்வைத் தொடும். கோல்கையில் இருக்கும் நொதி, 181, 184 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன்களில் 16 கார்பன் நீளமுள்ள பால்மிடேட் கொழுப்பை ஏற்றுகிறது. இப்போது மூன்று நங்கூரம். இனி நழுவ முடியாது. கோல்கையிலிருந்து கிளம்பும் நுண்பைகளில் ஏறிச் செல் சவ்வுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கேயே தங்கிவிடுமா என்றால் தங்காது. பால்மிடேட்டை வெட்டும் நொதிகள் செல்லில் எங்கும் இருக்கின்றன. வெட்டுப்பட்ட ராஸ் மறுபடி எல்லாச் சவ்வுகளிலும் பரவி, கோல்கையைத் தொட்டதும் மறுபடி பால்மிடேட் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. டிப்போவுக்குப் போய் டீசல் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப அதே தடத்தில் ஓடும் டவுன் பஸ் மாதிரி. என்-ராஸில் பால்மிடேட் ஏறும் இடம் ஒன்றே ஒன்று என்பதால் அதன் சுற்று இன்னும் விரைவு. சில பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். 2005-இல் ஜெர்மனியில் ஃபிலிப் பாஸ்டியன்ஸ் குழு இந்தச் சுழற்சியைப் படம்பிடித்தது. இத்தனை எரிசக்தியைச் செலவழித்து ஓயாமல் சுற்றுவது வீண் என்று தோன்றும். சுற்றாமல் விட்டால் ராஸ் மெல்ல மெல்ல எல்லாச் சவ்வுகளிலும் சமமாகப் படிந்துவிடும். ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அது ஒரே இடத்தில் இருப்பதுபோல் தெரிகிறது.

கே-ராஸின் முக்கிய வடிவத்துக்குப் பால்மிடேட் ஏற இடமே கிடையாது. அதன் வாலில் அடுத்தடுத்து ஆறு லைசின்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாம் நேர் மின்னூட்டம் கொண்டவை. செல் சவ்வின் உட்புறத்தில் பாஸ்பாடிடைல் செரின் போன்ற கொழுப்புகளால் எதிர் மின்னூட்டம் மிகுந்திருக்கும். எண்ணெய் வால் ஒருபுறம், மின் ஈர்ப்பு மறுபுறம் என்று கே-ராஸ் கோல்கைக்குப் போகாமலே சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. வழியில் அதன் எண்ணெய் வாலைத் தன் குழிக்குள் பொத்தி நீரிலிருந்து காத்து அழைத்துப்போகும் துணைப்புரதம் ஒன்று உண்டு. பிடிஇ-டெல்டா என்பார்கள். மின் ஈர்ப்பில் நிற்பதை மின்னூட்டத்தாலேயே பெயர்க்கவும் முடியும். 2006-இல் பிலிப்ஸ் குழு காட்டியது: லைசின் வரிசைக்குப் பக்கத்தில் 181-ஆம் இடத்துச் செரினில் ஒரு பாஸ்பேட் ஏறினால் பிடி தளர்ந்து, கே-ராஸ் செல் சவ்வை விட்டு உள்ளே பாய்கிறது. அதில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவின் மேல் போய் உட்கார்ந்து செல்லின் சாவுக்குத் துணைபோகிறது. விளிம்பில் நின்றால் ‘வளர், பெருகு’ என்று சொல்லும் அதே புரதம் உள்ளே போனால் செல்லைக் கொல்லத் துணை நிற்கிறது. இந்தக் கதையில் என்னை அதிகம் திகைக்க வைப்பது இந்த இடம்தான்.

சரி, செல் சவ்வில் சேர்ந்த ராஸ் என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா இருக்கிறது, இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசின் மூலக்கூறு ஒன்றைப் பற்றியபடி. வெளியே வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து ஏற்பியில் பொருந்தும்போது, ஏற்பியின் உட்புற வாலில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. அதைப் பிடித்துக்கொள்ள கிரப்2 என்ற புரதம் வருகிறது. அது கையோடு சாஸ் என்ற புரதத்தையும் கூட்டிவருகிறது. சாஸ் பழ ஈயின் கண்ணை ஆராய்ந்தபோது கிடைத்தது. ஈயின் கண்ணில் ஏழாம் எண் ஒளியுணர் செல் வளராமல் போகும் ஒரு கோளாறைத் தொடர்ந்து போனவர்கள் கடைசியில் ராஸின் வாசலில் வந்து நின்றார்கள். சாஸ் ராஸின் பிடியைத் தளர்த்துகிறது. பழைய மூலக்கூறு விழுந்து, மூன்று பாஸ்பேட் கொண்டது ஏறிக்கொள்கிறது. ராஸ் விழித்துவிட்டது.

சாஸுக்குத் தனியாக எந்தத் தூண்டுதலும் தேவைப்படவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 1994-இல் சாஸை வலுக்கட்டாயமாகச் செல் சவ்வில் கட்டிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து எந்தச் சேதியும் வராமலே ராஸ் விழித்துக்கொண்டது. ராஸ் இருக்கும் இடத்துக்குச் சாஸ் வந்து சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டில் மார்ஷல் குழுவும் ஹான்காக் உள்ளிட்ட இன்னொரு குழுவும் ராஸுக்கு அடுத்த படியில் இருக்கும் ராஃப் என்ற புரதத்தோடு ராஸின் வாலை மட்டும் வெட்டி ஒட்டினார்கள். சவ்வுக்குப் போன ராஃப், ராஸின் துணையே இல்லாமல் வேலையைத் தொடங்கியது. விழித்த ராஸ் செய்யும் முதன்மையான காரியம் ராஃபைத் திரவத்திலிருந்து சவ்வுக்கு இழுத்துக்கொள்வதுதான் என்று அப்போது தெளிவானது.

இதில் சிறு கணக்கு ஒன்று இருக்கிறது. செல்லை 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று கொள்ளுங்கள். சவ்வை ஒட்டிய 10 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்கு, மொத்தக் கன அளவில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் புரதத்தை அந்த அடுக்குக்குள் ஒதுக்கினால் அதன் செறிவு 300 மடங்குக்கு மேல் ஏறிவிடும். புரதத்தைக் கூடுதலாகத் தயாரிக்காமலே கிடைக்கும் லாபம் இது. ஒன்றையொன்று தேடி அலைய வேண்டியவை தோளோடு தோள் உரச நிற்கின்றன.

அந்த அடுக்கிலும் ராஸ் சீராகப் பரவி நிற்பதில்லை. ஹான்காக் பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போய், சவ்வுத் தாளை உரித்தெடுத்து, ஒவ்வொரு ராஸின் மேலும் நுண்ணிய தங்கத் துகளை ஒட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணினார். ராஸில் ஒரு பகுதி ஆறேழு மூலக்கூறுகள் கொண்ட கொத்துகளாக நின்றது. ஒவ்வொரு கொத்தும் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை, கூடிக் கலைகிறது. எச்-ராஸின் கொத்தில் கே-ராஸ் சேர்வதில்லை. ஒரே சவ்விலும் தனித்தனிப் பேட்டை.

ராஃப் மெக் என்ற புரதத்தைத் தூண்ட, மெக் எர்க் என்ற புரதத்தைத் தூண்ட, எர்க் சவ்வை விட்டு உட்கருவுக்குள் போய்ச் செல் பெருகுவதற்கான மரபணுக்களைத் திறக்கிறது. இந்தக் கட்டம் பாடப்புத்தகங்களில் விரிவாகவே கிடைக்கும். ராஸை அணைப்பதற்கு உதவிப் புரதங்கள் உண்டு. மூன்றாவது பாஸ்பேட்டை வெட்ட அவை ராஸுக்குத் துணை நின்று, வேகத்தைச் சுமார் ஒரு லட்சம் மடங்கு கூட்டுகின்றன. 12-ஆம் இடத்துக் கிளைசீன் மாறினால் இந்த உதவி பலிப்பதில்லை. ராஸ் விழித்தது விழித்தபடியே இருக்கும். மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஏதாவது ஒரு ராஸ் கெட்டிருக்கிறது. கணையப் புற்றில் பத்தில் ஒன்பதில் கே-ராஸ் கெட்டிருக்கிறது.

ராஸின் உடலில் மருந்து நுழைந்து உட்காரக் குழி எதுவும் கண்ணில் படவில்லை. ஆகவே 1990-களில் மருந்து நிறுவனங்கள் இடத்தைக் குறிவைத்தன. ஃபார்னசில் ஒட்டும் நொதியை அடைத்துவிட்டால் ராஸ் சவ்வுக்குப் போகாது. போகாத ராஸ் சாது. 1984-இன் சோதனை சொன்னதும் அதுதானே. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சுண்டெலிகளில் கட்டிகள் சுருங்கவும் செய்தன. மனிதர்களிடம் வந்தபோது கணையப் புற்றில் இந்த வகையைச் சேர்ந்த டிபிஃபார்னிப் மருந்து பயன் தரவில்லை. சுண்டெலிகளில் பளிச்சென்று பலன் காட்டிய கட்டிகள் எச்-ராஸ் கட்டிகள். மனிதப் புற்றில் பெரும்பாலும் கெட்டிருப்பது கே-ராஸ். ஃபார்னசில் கிடைக்காதபோது கே-ராஸும் என்-ராஸும் வேறொரு நொதியிடம் போய், 20 கார்பன் நீளமுள்ள ஜெரானில்ஜெரானில் சங்கிலியை வாங்கிக்கொண்டு சவ்வுக்கு வந்துவிட்டன. எச்-ராஸுக்கு அந்த மாற்றுவழி தெரியாது. இத்தனை கோடிகள் செலவழிப்பதற்கு முன்பே உடன்பிறப்புகளின் வால்களை அருகருகே வைத்து இன்னும் கவனமாகப் பார்த்திருக்கலாம் என்றுதான் இன்று சொல்லத் தோன்றுகிறது. பிறகு 2013-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர விஞ்ஞானிகள் துணைப்புரதமான பிடிஇ-டெல்டாவின் குழியை அடைக்கும் டெல்டராசினை உருவாக்கினார்கள். கே-ராஸ் சிதறியது. மருந்துக்கடைவரை அதுவும் வரவில்லை.

கடைசியில் வென்ற வழி இடத்தைச் சார்ந்ததே இல்லை. அதே 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகட் குழு, 12-ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதில் சிஸ்டீன் வந்த கே-ராஸில், அந்தச் சிஸ்டீனைப் பிடித்துக்கொண்டால் மட்டும் திறக்கும் ஒரு குழியைக் கண்டது. அந்த வழியில் வந்த சோட்டோராசிப் மாத்திரைக்கு 2021 மே மாதம், நுரையீரல் புற்றில் குறிப்பிட்ட நோயாளிகளுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ராஸைத் துரத்தித் தோற்ற மருந்துகள் குப்பைக்குப் போகவில்லை. குழந்தைப் பருவத்திலேயே முதுமை தாக்கும் புரோஜீரியா நோயில், லாமின்-ஏ என்ற புரதம் தன் ஃபார்னசில் வாலைக் கழற்ற முடியாமல் உட்கருவின் சவ்வில் சிக்கிக்கொண்டு உட்கருவின் வடிவத்தையே குலைக்கிறது. அதுவும் இடக் கோளாறுதான். ஃபார்னசில் ஒட்டுவதைத் தடுக்க ராஸுக்காக உருவான லோனாஃபார்னிப் 2020 நவம்பரில் அந்தக் குழந்தைகளுக்கான மருந்தாக அனுமதி பெற்றது.

நம் எச்-ராஸுக்கு ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். அதற்குள் கோல்கைக்கும் சவ்வுக்கும் எத்தனையோ முறை போய் வந்துவிடும். 2018-இல் வெளியான ஆய்வுகள், எல்இசட்டிஆர்1 என்ற புரதம் ராஸ் குடும்பத்தாரின் மேல் உபிகுவிட்டின் என்ற குறியை ஏற்ற உதவுவதைக் காட்டின. அந்தக் குறி விழுந்தால் ராஸின் தொகை குறைகிறது, அல்லது அது சவ்வை விட்டு விலகுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானவர்களுக்கு நூனன் நோய்க்குறி என்ற மரபுக் கோளாறு வரலாம். எப்படி ஒழிந்தாலும் ராஸின் அமினோ அமிலங்கள் உதிர்ந்து அடுத்த புரதங்களுக்குப் போய்விடும். ஃபார்னசில் ஒட்டிய சிஸ்டீன் மட்டும் அப்படியே எஞ்சும். சாதாரணச் சிதைவு நொதிகளால் அந்தப் பிணைப்பை அறுக்க முடியாது. அதற்கென்றே லைசோசோமில் பிரீனைல்சிஸ்டீன் லையேஸ் என்ற நொதி இருக்கிறது. பிறந்ததும் முதலில் ஒட்டிய வாலைக் கடைசியாக அறுப்பது அதுதான்.